போடாத கையெழுத்து

குடியாத்தம்

அன்பு நண்பா,

நலம். உன் கடிதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முதல் நாள் வந்தது. வைகாசி முதல் தேதிக் கூட்டத்தில் உன்னைத் தேடாத வருஷமே இல்லை. முட்டிவலி குறைந்ததா?

டி.வி. கெட்டுப்போய்விட்டது, எல்லாவற்றையும் முன்கூட்டியே சென்சார் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய். பாதி உன் பக்கம்தான் நான். பேரனை மடியில் வைத்துக்கொண்டு இரட்டை அர்த்த காமெடி கேட்க எனக்கும் கூசுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசாத பச்சையா? ஆனால் அங்கே நாமாகப் போய் உட்கார்ந்தோம், பிள்ளைகள் அந்நேரம் பாயில் தூங்கிவிடும். டி.வி. நம் கூடத்துக்குள் வந்து பேசுகிறது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஒரு சீரியலில் திருநங்கை ஒருவர் தாயாக வருகிறார், வளர்ப்பு மகளைப் பள்ளியில் சேர்க்க அலைகிறார். ஆபாசமாக ஒரு வார்த்தை கிடையாது. 'குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை, நிறுத்துங்கள்' என்று எங்கள் தெருவில் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் போடவில்லை. இரண்டு வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதே வாரம் வேறொரு சேனலில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது கலந்த தமிழைப் பேசிக் காட்டி அரை மணி நேரம் கேலி செய்தார்கள். எதிர்வீட்டு பாய் பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். "எங்க வூட்ல பேசுறதே இவங்களுக்கு சிரிப்பாண்ணா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு யாரும் மனு எழுதவில்லை.

அப்புறம் 1994-ம் ஆண்டுக் கேபிள் டி.வி. விதிகளைத் தேடிப் படித்தேன். 6-வது விதி எடுத்ததுமே நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானது கூடாது என்கிறது. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே, ஒரு இனத்தாரையோ மொழியாரையோ வட்டாரத்தாரையோ இளக்காரமாகக் காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. நாமோ கண்ணியம் என்றால் உடுப்பையும் முத்தத்தையும் மட்டுமே அளக்கிறோம்.

2021 திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே புகார் அனுப்ப வேண்டும், அவர்கள் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்பு, அதற்கும் மேலே மத்திய அரசின் குழு. ஒளிபரப்பானதைப் பார்த்து, காரணம் எழுதி, பதில் வாங்குகிற இந்த முறை எனக்குப் போதும். நீ கேட்கிற முன் சென்சார் வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்தத் திருநங்கைத் தாய்தான். இரட்டை அர்த்தம் எழுதுகிறவர் எப்படியும் சந்து கண்டுபிடித்துவிடுவார். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அதில் பாய் வீட்டுத் தமிழுக்கும் பங்கு உண்டுதானே?

பாயும் நானும் சேர்ந்து புகார் அனுப்பி ஒன்பது நாளாகிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். சரியில்லாத இடத்தைச் சுழித்து அனுப்பு. அடுத்த படிக்குப் போவதானால் நீ திருத்தியதைத்தான் அனுப்புவோம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்