போனவர்களைப் பற்றிக் கேட்டு வரும் அழைப்பை எடுங்கள்

வெளிநாட்டில் குடியேறியவர்களின் முன்னாள் மேலாளர்களுக்கும், அந்த நிறுவனங்களின் எச்.ஆர். துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வேறு நாட்டில் போய்க் குடியேறிய ஒருவர், புது வேலைக்குத் தன்னைப் பற்றி விசாரிக்க உங்கள் பெயரையும் எண்ணையும் ரெஃபரன்ஸாகக் கொடுத்திருப்பார். உங்களைக் கேட்டுக்கொண்டுதான் கொடுத்திருப்பார். "தாராளமா குடுப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது அநேகமாக உங்களுக்குத் தெரிவதில்லை.

எனக்குத் தெரியும். நானும் குடியேறி வந்தவள். இப்போது ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பித்தவர்களின் பழைய மேலாளர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. வெளிநாட்டு அனுபவத்தை இங்கே யாரும் மதிப்பதில்லை என்று புதிதாக வந்தவர்கள் புலம்புவார்கள். அதில் உண்மை உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் மதிக்கத் தயாராக இருக்கும் முதலாளியின் முன்னாலும் பலர் தோற்றுப்போவதைப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் விண்ணப்பித்தவரும் இல்லை, முதலாளியும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தராத நீங்கள்.

ரெஃபரன்ஸ் கேட்பது பெரும்பாலும் கடைசிக் கட்டம். விண்ணப்பங்களைச் சலித்து, நேர்காணல் முடித்து, இவரை எடுக்கலாம் என்று மனதளவில் முடிவான பிறகுதான் கேட்பார்கள். எஞ்சியிருப்பது ஒருவரோ இருவரோதான். அவர்களின் பழைய மேலாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேச வேண்டும், இரண்டொரு நாளில் முடிக்க வேண்டும். உள்ளூரில் வேலை பார்த்தவரின் மேலாளர் அன்று மாலையே திரும்ப அழைத்துவிடுகிறார். உங்கள் எண் அடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது நாள் எங்கள் மேலதிகாரி கேட்பார்: "இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பது?" அவர் வெளிநாட்டவரை வெறுப்பவர் அல்ல. காலியாகக் கிடக்கும் நாற்காலியை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

நீங்கள் ஏன் எடுப்பதில்லை என்றும் எனக்குப் புரிகிறது. டொரொன்டோவில் காலை 10 மணிக்கு ஒருவர் அழைத்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், அல்லது சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பீர்கள். சிட்னியில் காலை 10 மணி என்றால் உங்களுக்கு விடிந்தே இருக்காது. திரையில் +1 என்றோ +61 என்றோ தொடங்கும் முன்பின் தெரியாத எண். அழைப்பவர் யார் என்று காட்டும் செயலி அதற்குச் சிவப்பு நிறத்தில் 'ஸ்பேம்' என்று முத்திரை குத்தியிருக்கும். யாராக இருந்தாலும் துண்டிக்கத்தான் செய்வார்கள்.

மின்னஞ்சலின் கதை இன்னும் மோசம். பெரிய நிறுவனங்கள் இந்த வேலையைத் தாங்களே செய்வதில்லை, பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும். "கீழே உள்ள இணைப்பைத் தட்டி, படிவத்தை 48 மணி நேரத்துக்குள் நிரப்பவும்" என்று இருக்கும். இப்படி வரும் எதையும் தட்டாதே என்று உங்கள் ஐ.டி. துறை வருடா வருடம் பயிற்சி கொடுக்கிறது. நீங்களும் சொன்னபடி அழித்துவிடுகிறீர்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரெஃபரன்ஸுக்குச் சம்மதம் சொல்லும்போதே அவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: எந்த நிறுவனத்திலிருந்து, எந்த வாரத்தில் அழைப்பு வரும் என்பது ஒன்று. அவர் விண்ணப்பித்த வேலையின் விளம்பரம் இன்னொன்று. உங்களுக்கு எந்த நேரம் வசதி என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள், அவர் எங்களிடம் சொல்லுவார். முன்கூட்டியே நேரம் குறித்துப் பேச எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. (ரெஃபரன்ஸ் தர வேண்டியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எண்ணைக் கொடுத்துவிடும் விண்ணப்பதாரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.)

இன்னொன்று, அலுவலக மின்னஞ்சல். ஜிமெயில் முகவரியிலிருந்து பதில் வந்தால் நாங்கள் சந்தேகப்படுவோம், சந்தேகப்படத்தான் வேண்டும். விண்ணப்பதாரரின் மச்சான்கூட அப்படி ஒரு முகவரியை ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம். அதனால்தான் சரிபார்ப்பவர்கள் பல நேரங்களில் அவர் கொடுத்த கைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணைத் தாங்களே தேடி எடுத்து அழைக்கிறார்கள். அந்த எண்ணை எடுப்பது உங்கள் வரவேற்பு மேசை. "அவர் இப்ப இங்க இல்லைங்க" என்று அங்கே வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. எச்.ஆர். துறைக்கு மாற்றிவிட வேண்டும் என்று வரவேற்பில் இருப்பவருக்கு யாராவது ஒருமுறை சொல்லி வைத்தால் போதும்.

சரி, எடுத்துவிட்டீர்கள். என்ன பேசுகிறீர்கள்?

சம்பளப் பட்டுவாடா பிரிவில் பல வருட அனுபவம் உள்ள ஒரு பெண்ணுக்காக நான் அழைத்தேன். முன்னாள் மேலாளர் நல்ல மனிதர், அன்பாகப் பேசினார். "ரொம்ப நல்ல பொண்ணு. மரியாதை தெரிஞ்சவ. நல்ல குடும்பம். கடுமையா உழைப்பா." நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டார், எந்த மென்பொருளில், தவறு வந்தால் எப்படிப் பிடித்தார் என்று மூன்று கட்டம் காலியாக இருந்தன. குடும்பத்தைப் பற்றி எழுத அதில் இடமே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒருவழியாக அவருக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. ஒரு மாதக் கடைசியில் ஓவர்டைம் கணக்கு இரட்டிப்பாக ஏறியிருந்தது. வங்கிக்குக் கோப்பு போவதற்கு முன்னால் அதைப் பார்த்து நிறுத்தியது இந்தப் பெண்தானாம். "அது அவ வேலைதானே, அதைச் சொல்லணும்னு தோணலை" என்றார். அந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்டுத்தான் மூன்று கட்டத்தையும் நிரப்பினேன்.

எங்கள் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எவ்வளவு காலம் உங்களுக்குக் கீழே இருந்தார், என்ன பொறுப்பு, எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும், வாய்ப்பு வந்தால் திரும்ப எடுப்பீர்களா. நான்காவது கேள்விக்கு "அப்படி ஒன்றும் இல்லை" என்பதுதான் நம் ஆட்களின் வழக்கமான பதில். பெருந்தன்மையாகத்தான் சொல்கிறீர்கள். கேட்பவருக்கோ, இவர் எதையோ மறைக்கிறார் அல்லது அந்த ஆளையே சரியாகத் தெரியாது என்று படும். "ஆரம்பத்தில் கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார், பிறகு சரியாகிவிட்டது" என்பது போல உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நம்பும்படி ஆகிவிடும். கடைசிக் கேள்வியில் மட்டும் இழுக்காதீர்கள். "எடுக்கலாம்... பார்க்கலாம்..." என்று நீங்கள் பணிவாக இழுப்பதை 'இல்லை' என்றுதான் குறித்துக்கொள்வார்கள்.

இனி கடிதம். நம் அனுபவச் சான்றிதழ்களின் நடை எனக்கு மனப்பாடம். இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் பணியாற்றினார், நடத்தை திருப்திகரமாக இருந்தது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். மூன்று வாக்கியம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கடவுள்தான் அறிவார். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பிப்பவரிடம் குடிவரவுத் துறை கேட்கும் பணி அனுபவக் கடிதத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். வகித்த பதவிகள், ஒவ்வொன்றிலும் செய்த வேலைகள், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், நேரடி மேலாளர் அல்லது எச்.ஆர். அதிகாரியின் பெயர், பதவி, கையொப்பம், நிறுவனத்தைத் தொடர்புகொள்ளும் விவரம் என்று அத்தனையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தொழில்திறன் மதிப்பீடு செய்யும் அமைப்புகளும் இதே பாணியில்தான் கேட்கின்றன. ஒரு பக்கம் எழுதினால் போதும், அதே கடிதம் விசாவுக்கும் உதவும், பிறகு வேலை தேடும்போதும் உதவும். ஊழியர் வேலைகளைத் தானே எழுதி எடுத்துவந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்துப் பார்த்து, உண்மை என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

"எங்கள் கொள்கைப்படி தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்வோம்" என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் தவறில்லை. பல நாடுகளில் பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன, எங்களுக்கும் அது பழக்கம்தான். அந்த இரண்டு வரியையாவது உடனே அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எரிச்சலூட்டுவது வேறு. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடிக்கவில்லை, புராஜெக்ட் நடுவில் விட்டுப் போனார், சொல்லாமல் விசா வாங்கிவிட்டார் என்ற மனத்தாங்கலில் ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொள்வதும், அழைத்துக் கேட்டால் "ஓ, விட்டுட்டுப் போனாரே அவரா?" என்று ஒரு தொனியில் சொல்வதும். நோட்டீஸ் பாக்கி இருந்தால் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் உழைத்த வருடங்களை யாராலும் கழிக்க முடியாது. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும் ஊழியர் எழுத்துப்பூர்வமான பணிச் சான்றிதழைச் சட்டப்படியே உரிமையாகக் கேட்டு வாங்கலாம். அவர் விரும்பினால் அதில் செயல்திறனும் நடத்தையும் இடம்பெற வேண்டும், வார்த்தைகளில் வேறு அர்த்தத்தை ஒளித்து வைக்கவும் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, கேட்டால் அனுபவச் சான்றிதழைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். அவர் பெயரைக் கெடுக்கும்படியோ வேலை வாய்ப்பைக் குறைக்கும்படியோ அதில் எதுவும் இருக்கக் கூடாது. உங்களைக் கட்டுப்படுத்த இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் ஒரு கடிதம் கொடுப்பீர்களா?

நீங்கள் பேசாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்பதையும் சொல்கிறேன். போலி அனுபவச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பவர்களுக்கும், காசு வாங்கிக்கொண்டு 'முன்னாள் மேலாளராக' ஃபோனில் பேசுபவர்களுக்கும்தான். உண்மையாகவே வேலை பார்த்தவர்கூட, உண்மையான மேலாளர் பதில் தராததால், நண்பன் ஒருவனை மேலாளர் வேஷம் கட்டச் சொல்கிறார். அது பிடிபட்டால் அவருக்கு அந்த வேலை போவதோடு நிற்காது. அடுத்து அதே ஊரிலிருந்து வரும் விண்ணப்பத்தையும் ஒருபடி கூடுதல் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். அந்த விண்ணப்பம் உங்கள் இன்னொரு ஊழியருடையதாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட மாட்டேன். உள்நாட்டு அனுபவம் இல்லையென்றால் வராதே என்று விளம்பரத்திலேயே போட்ட காலம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல் இதைப் பாகுபாடு என்று வகைப்படுத்திக் கொள்கை வெளியிட்டது. ஆனாலும் சட்டம் வர நெடுநாள் ஆனது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கட்டாயம் என்று போடக் கூடாது என்ற விதி, 2026 ஜனவரி 1 முதல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தில் போடாமல் மனதில் வைத்துக்கொள்பவர்களை எந்த விதி தடுக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் குழுவில் நான் வாதாட வேண்டும் என்றால், என் கையில் ஏதாவது இருக்க வேண்டும். "அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாதாடுவது?

நிறுவனமே மூடப்பட்டிருந்தாலும், நீங்கள் வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் நீங்கள் அவருக்கு மேலாளராக இருந்தது இருந்ததுதான். இப்போதைய அலுவலக முகவரியிலிருந்து, "அப்போது அங்கே நான் இன்ன பதவியில் இருந்தேன், இவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார்" என்று எழுதலாம். அவரிடம் சம்பளச் சீட்டோ, வருமான வரிப் படிவமோ, வருங்கால வைப்பு நிதிக் கணக்கோ இருந்தால் தேதிகளை நாங்கள் அதில் சரிபார்த்துக்கொள்வோம். அவர் எப்படி வேலை பார்த்தார் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதைச் சொல்ல நீங்கள்தான் வேண்டும்.

உங்களுக்கு விருப்பமில்லை என்றால், அல்லது அவர் வேலையில் உங்களுக்குத் திருப்தியே இல்லை என்றால், அதை அவர் கேட்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பிறகு ஃபோனை எடுக்காமல் இருக்காதீர்கள். அன்றைக்கே மறுத்துவிட்டால் அவர் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்வார், அதற்கு நேரமும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருப்பவர்களில் ஒருத்தி