'இம்பீட்' என்றால் தடுத்தல் அல்ல

ஆசிரியருக்கு,

ஐயா,

உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் சென்ற கிழமை வந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் 'இம்பீட்' என்ற சொல்லுக்கு 'தடுத்தல்' என்று கருத்துப் போட்டிருந்தீர்கள். சாதாரணதரம் எழுதப்போகிற என் பேத்தி அதைப் பாடமாக்கிக்கொண்டு போய், 'நாய் கள்ளனை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது' என்ற வசனத்தை அந்தச் சொல்லைப் போட்டு ரியூசனில் எழுதியிருக்கிறாள். மாஸ்ரரும் சரி போட்டுவிட்டார். "அம்மப்பா, பேப்பரிலயே கிடக்கு. நீங்கள் என்னெண்டு பிழை எண்டுறியள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் 31 வருடம் இலிகிதராக இருந்தவன். எங்களிடம் வந்த வழக்குகளில் பாதி வேலிச் சண்டை, மீதியில் பாதி ஒழுங்கைச் சண்டை. காணி உறுதியில் 'வழிவாய்க்கால் உரித்து' என்று தெளிவாக எழுதியிருக்கும். பக்கத்து வளவுக்காரன் இரவோடிரவாக ஒழுங்கைக்குக் குறுக்கே கதியால் நட்டு அடைத்துவிடுவான். அது 'ஒப்ஸ்ரக்ற்'. இலத்தீனில் அந்தச் சொல்லின் கருவே எதிரே கட்டுதல்தான். இன்னொருவன் அப்படி அடைக்கமாட்டான். தன் வேலிக்கென்று வெட்டின பனையோலையை ஒழுங்கையில் குவித்து வைப்பான். அதற்குப் பக்கத்தில் ஒரு லோட் கல்லும் பறித்துவிடுவான். கேட்டால் "நாளைக்கு எடுத்திடுவன்" என்பான். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, உருட்டி, சாரம் கருக்கில் மாட்ட, திட்டிக்கொண்டு போய்ச் சேருவார். ஆனால் போய்ச் சேருவார். அது 'இம்பீட்'. முதலாமவன் மேல் வழக்குப் போடுவது சுகம். இரண்டாமவனோடுதான் காலம் முழுக்க மாரடிக்க வேண்டும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் இன்னும் விளங்கும். இலத்தீனில் 'பெஸ்' என்றால் கால். காலைப் பிணைப்பதுதான் 'இம்பீட்'. பட்டியில் அடைத்த மாடு வெளியே வராது. முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் தளைத்துவிட்ட மாடு தரவையில் மேயும், ஆனால் ஓர் அடி வைக்கிற இடத்தில் அரை அடிதான் வைக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவது 'எக்ஸ்பெடைற்', அதாவது விரைவுபடுத்துதல். கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, போகும் கடிதங்களின் கடைசி வரியில் அந்தச் சொல்லை எத்தனை நூறு தடவை தட்டச்சுச் செய்திருப்பேன். காலை அவிழ்த்துவிடச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் கெஞ்சியிருக்கிறோம் என்பது ஓய்வு பெற்ற பிறகு அகராதியைப் புரட்டித்தான் தெரிந்தது.

(காலைத் தளைத்தாலே கேடு என்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பனை ஏறுகிறவர் தளைநாரைக் காலில் மாட்டித்தான் ஏறுவார். அந்தத் தளைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று பேத்தி கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.)

அதே வேரில் 'இம்பெடிமென்ரா' என்றொரு சொல்லும் உண்டு. உரோமப் படைகள் தங்களோடு இழுத்துச் சென்ற மூட்டை முடிச்சுக்கு அந்தப் பெயர். அதை வாசித்தபோது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவுதான் எனக்கு நினைவில் வந்தது. யுத்தத்துக்குப் பயந்து வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போன இரவு. கோண்டாவிலில் இருந்து கைதடிக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போதும். அன்று எனக்கு நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்கவே விடிந்துவிட்டது. கரியரில் அம்மாவின் தையல் மெசின், பாரில் கந்தோர் உறுதிகள் வைத்த பெட்டி, மேலே மழை. முன்னால் போகிறவர் கால் எடுத்த இடத்தில் பின்னால் வருகிறவர் கால் வைத்தார். தையல் மெசினைச் செம்மணி வெளியில் இறக்கி வைத்தேன். அம்மா ஒருக்கால் திரும்பிப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை. சனம் மட்டும் நிற்கவேயில்லை. தளைத்த மாடு மாதிரி அரை அடி, அரை அடியாக நகர்ந்துகொண்டே இருந்தது. 'தடுத்தல்' என்ற சொல்லை அந்த இரவுக்கு நான் போடமாட்டேன்.

எதிர்த்தரப்புச் சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுச் செபப் புத்தகத்தில், கலியாணத்துக்கு 'இம்பெடிமென்ற்' ஏதும் உண்டா என்று கேட்கிற இடம் வரும். உண்டென்று நிரூபித்தால் கலியாணம் நின்றுவிடும். அங்கே அது முழுத்தடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திக்கிப் பேசுகிறவரின் குறையைச் சொல்லவும் இதே சொல்தான். அவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்? பெயர்ச்சொல் இப்படி இரண்டு பக்கமும் சாயும். வினைச்சொல் அவ்வளவு சாயாது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடுத்தலைக் குறிக்கிற 'பிறிவென்ற்' என்ற சொல்லோடு 'ஃப்றொம்' சேரும். 'இம்பீட்' என்பதோடு அதைச் சேர்ப்பது வழக்கமில்லை. இடைஞ்சல் படுவதும் அனேகமாக ஆள் அல்ல: முன்னேற்றம், போக்குவரத்து, விசாரணை, நீரோட்டம், இப்படி ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒன்று. பாருங்கள், எழுதும்போதே வந்துவிட்டது: 'இடைஞ்சல் செய்தல்' என்று போட்டிருந்தாலே போதும். 'முட்டுக்கட்டை போடுதல்' என்று எழுதவும் ஆசை வரும். வேண்டாம், சில்லுக்குக் கீழே முட்டுக்கட்டை வைத்தால் வண்டில் அசையாது.

அடுத்த கிழமை ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது. பேத்தி தன் வசனத்தை மாற்றிவிட்டாள். இப்போது கள்ளன் மதில் ஏறி ஓடுகிறான், நாய் அவன் சாரத்தைக் கவ்வியபடி தொங்கி ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்கிறது. முதல் வசனத்துக்குக் கிடைத்த புள்ளியை மட்டும் மாஸ்ரரிடம் திருப்பிக் கொடுக்கமாட்டாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
கோண்டாவில்.