காஞ்சனபுரிக்கு மலைநடை போகும் தமிழ்க் குழுக்களுக்கு: பெயர்களையும் கொண்டுபோங்கள்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

ஆண்டுதோறும் ஆட்களைத் திரட்டி, வேன் பிடித்து, தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு மலைநடை அழைத்துப் போகும் மலேசியத் தமிழ்க் குழுக்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்கள் பின்னால் நடந்து வந்தவன்தான். முழங்கால் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் என் பையையும் சேர்த்துத் தூக்கி வந்தவர் உங்களில் ஒருவர். அந்த உரிமையில், சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத நம்மவர்களுக்காக ஒன்று கேட்கப் போகிறேன்.

போன முறை நான் வந்த குழுவின் பயணத் திட்டம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. முதல் நாள் க்வே ஆற்றுப் பாலமும் இரவுச் சந்தையும். இரண்டாம் நாள் முழுக்க எராவன் அருவி. மூன்றாம் நாள் சாய் யோக் நோய் அருவி, மதியச் சாப்பாடு, அப்புறம் ‘நேரம் இருந்தால் ஹெல்ஃபயர் பாஸ்’. நாற்பது நிமிடம் கிடைத்தது. படி இறங்கினோம், படம் எடுத்தோம், மூச்சிரைக்க ஏறி வந்து வேனில் உட்கார்ந்தோம். வேன் கிளம்பிய பிறகும் எனக்கு அந்த மலையை விட்டு வர மனமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அருவிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எராவனின் ஏழு தட்டுகளையும் ஏறி முடித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். சுண்ணாம்புப் பாறையில் வழிந்து வழிந்து பச்சையும் நீலமுமாகத் தேங்கும் தண்ணீர், காலைக் கடிக்கும் மீன்கள், உச்சித் தட்டில் யானைத் தலை போலத் தெரியும் பாறை. நம் ஐராவதம்தான் அங்கே எராவன் ஆகியிருக்கிறது. சாய் யோக் நோய் அப்படி ஏறிப் போக வேண்டிய இடம் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு எட்டு. குழந்தைகளும் பாட்டிகளும் நனைந்துகொண்டு நிற்பார்கள். பக்கத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சின் நிற்கும். அதில் ஏறி நாமும் படம் எடுத்துக்கொண்டோம்.

அந்த எஞ்சின் ஏன் ஓர் அருவிக்கரையில் நிற்கிறது என்று எங்கள் வேனில் யாரும் கேட்கவில்லை. காஞ்சனபுரியிலிருந்து வரும் ரயில் இன்று முடிகிற நாம் தோக் நிலையம் அங்கேதான் இருக்கிறது. நாம் தோக் என்றால் தாய் மொழியில் அருவி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த இடத்தின் பெயர் தார்சாவ். ஜப்பானியர் பிடித்து வைத்த போர்க்கைதிகளின் பெரிய முகாம் இருந்த இடம். நாம் ஈரத்துணியோடு நின்ற மண், சயாம் மரண ரயில் போன வழி.

சயாம் மரண ரயில் என்ற பேர் நமக்குப் புதிதில்லை. ஆனால் பல பேருக்கு அது பேராக மட்டும்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அதனால் சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் வெட்டி, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட முடிவெடுத்தார்கள். 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனையும் சேர்ந்துவிட்டன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, ஏறத்தாழ 200,000 ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழர். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் என்பது கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சிலர் 90,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். எல்லாமே உத்தேசம்தான், ஏனென்றால் அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

தோட்டங்களில் ‘மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்)’ என்று சொல்லி முதலில் கூட்டினார்கள். பால்மரம் சீவ வேலை இல்லாமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. நம்பிப் போனவர்கள் பலர். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு, கங்காணியையும் தோட்டத்துக் கணக்கரான கிராணியையும் வைத்துத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு இழுத்துப் போனார்கள். பாடாங் பெசாரில் எல்லை கடந்து சாமான் ஏற்றும் ரயில் பெட்டிகளில் பான்போங் வரை கொண்டுபோனார்கள். ஹாட்யாயிலிருந்து பேங்காக் போகும் ரயிலில் நீங்கள் பயணம் செய்திருந்தால், அந்த பான்போங் நிலையத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

ஹெல்ஃபயர் பாஸ் என்பது கொன்யூ குடைவு, ரயில் போக மலைப்பாறையைப் பிளந்து வெட்டிய வழி. காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே 80 கிலோமீட்டர், 323-ஆம் நெடுஞ்சாலையில். 1943 ஏப்ரல் 25 அன்று அங்கே பாறையை உடைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் நீள இரும்பு உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். துளை விழுந்ததும் வெடி வைப்பார்கள். சிதறிய கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளிக் கொட்டுவார்கள். வேலை பிந்தியதும் இரவும் பகலும் ஆக்கினார்கள். மூங்கில் பந்தத்தின் வெளிச்சத்தில், பாறைச் சுவரில் எலும்பும் தோலுமான நிழல்கள் ஆடியதைப் பார்த்துத்தான் கைதிகள் அதை ஹெல்ஃபயர், அதாவது நரகத்தீ, என்று அழைத்தார்கள். கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களும் அந்தப் பகுதியில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்றும் குடைவுக்குள் நின்றால் சுவரில் துளைகளின் தடம் தெரியும். ஓரிடத்தில் உடைந்த உளி ஒன்று பாறைக்குள் அப்படியே சிக்கிக்கொண்டிருக்கிறது. நாற்பது நிமிடத்தில் எங்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த ஆண்டு மழை சீக்கிரமே வந்துவிட்டது. மழையோடு வாந்திபேதியும் வந்தது. இங்கேதான், அருவியில் குளித்துவிட்டு வரும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காலரா தண்ணீரில் வந்தது. கைதிகளின் முகாமில் அவர்களுடைய மருத்துவர்களே இருந்தார்கள். காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டுகூட வாயில் படக்கூடாது, சாப்பாட்டுத் தட்டை வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அப்படியும் பலர் இறந்தார்கள். தமிழர் முகாம்களில் அதைச் சொல்ல ஆளில்லை, மருந்தில்லை, தண்ணீர் காய்ச்சப் பாத்திரம்கூட இல்லை. வேலை முடிந்து தாகத்தோடு வந்தவன் ஓடையில் குனிந்து குடித்தான். மலையிலிருந்து விழுகிற தண்ணீர் சுத்தமானது என்றுதான் நம் ஊரிலும் நினைப்போம். நிலைமை கைமீறிய பிறகு, 1943 நடுவில், கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்துத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போனபோது பல முகாம்களில் பிணங்களை எடுக்கவும் ஆளில்லை.

காஞ்சனபுரி நகரில் இருக்கும் போர்க் கல்லறைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் வெண்கலப் பட்டயம். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, பலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரி. ஒளித்து வைத்த நாட்குறிப்புகளாலும், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று உயிரைப் பணயம் வைத்துக் குறித்து வைத்த தோழர்களாலும்தான் அது முடிந்தது. அந்தப் பட்டயங்களுக்கு முன்னால் கைகூப்பாமல் வர முடியாது. அங்கே நம்மவர் பெயரைத் தேடிப் பயனில்லை. 2023-இல் அதே நகரில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வழியோரம் கல் நட்டு அதில் பெயர் எழுதுவது நம் பழைய வழக்கம். எழுதப் பெயர் வேண்டுமே.

என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டியின் முதல் கணவர் 1943-இல் சயாமுக்குப் போனார். பெரியப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. போர் முடிந்து, ரயில் நிலையத்துக்குப் போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, சில ஆண்டுகள் கழித்துப் பாட்டி மறுமணம் செய்துகொண்டார். அந்த வழியில் வந்தவர் என் அப்பா. அதாவது, அந்த மனிதர் திரும்பி வந்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன். இதை நினைக்காமல் என்னால் அந்தக் குடைவுக்குள் நிற்க முடியவில்லை.

சரி, அவர் பெயர் என்ன? பாட்டி கடைசிவரை சொல்லவில்லை. கோபத்தால் இல்லை. கணவன் பெயரைச் சொல்லாத தலைமுறை அது. ‘உங்க பெரியப்பாவோட அப்பா’ என்பார், அவ்வளவுதான். சயாமுக்குப் போனவர்களைக் கடைசியாகப் பார்த்தவர்கள் அவர்களுடைய பெண்டாட்டிகள். அவர்கள்தான் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவர்கள். நம் கணக்கில்லாத சாவுகளில் எத்தனை பெயர் இந்த ஒரு வழக்கத்தாலேயே போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பயணம் முடிந்து வந்த பிறகு நான் பெரியப்பாவின் பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், இரண்டும் இருந்தன. எண்பது ஆண்டாக அலமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாங்கள் அதை அடையாள அட்டை வேலைக்கு மட்டும்தான் வெளியே எடுத்திருக்கிறோம்.

இதுதான் நான் கேட்பது. அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது, பாஸ்போர்ட் நகல் கேட்கிற அதே வாட்ஸ்அப் செய்தியில் இதையும் கேளுங்கள்: உங்கள் வீட்டிலிருந்து யாராவது சயாமுக்குப் போனார்களா? பெயர் என்ன, எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா? தெரியாது என்பவர்களை அத்தையிடம், பெரிய மாமாவிடம் ஒருமுறை கேட்டுவரச் சொல்லுங்கள். பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பழைய கோயில் நன்கொடைப் புத்தகம், எதுவாக இருந்தாலும் புரட்டச் சொல்லுங்கள். வந்த பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அது ஒரு குழுவின் குறிப்பேடாகத் தொடங்கட்டும். பத்துக் குழுவின் குறிப்பேடுகள் சேர்ந்தால் அது ஒரு பதிவேடு. அந்தக் காலத்தை நேரில் பார்த்த ஆட்கள் நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்கள்?

அப்புறம், ஹெல்ஃபயர் பாஸுக்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வெயில் ஏறும் முன் இறங்கிவிடலாம். மேலே ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க நிலையத்தை முதலில் பாருங்கள். அப்புறம் படி இறங்கிக் குடைவுக்குள் போனால் பார்ப்பது வேறாக இருக்கும். அங்கேயே திரும்பிவிடாதீர்கள். பழைய ரயில் பாதைப்படுகை மேலேயே, காலடியில் சரளைக் கல் நொறுங்க, மூங்கிலுக்கு நடுவே ஹிந்தோக் பக்கம் நடக்கலாம். க்வே நோய் ஆற்றுப் பள்ளத்தாக்கு தெரியும் இடம் வரும். கட்டும்போதே மூன்று முறை சரிந்ததால் சீட்டுக்கட்டுப் பாலம் என்று கைதிகள் பெயர் வைத்த பாலம் நின்ற இடம் வரும். மேலேறும் படிதான் கஷ்டம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும்.

குடைவுக்குள் நின்று அந்தக் குறிப்பேட்டுப் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். சடங்கு எதுவும் தேவையில்லை. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டால் போதும். பெயர் தெரியாதவர்களுக்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் மதியத்துக்கு மேல் சாய் யோக் நோய்க்குப் போய் ஆசை தீரக் குளிக்கலாம். பிள்ளைகள் அந்த எஞ்சினில் ஏறி விளையாடட்டும், கேட்டால் கதையைச் சொல்லுங்கள்.

அக்டோபர் 17-ஐ ஒட்டிப் போனால் நல்லது. அருவிகளிலும் அப்போது தண்ணீர் நிறைய இருக்கும். அந்தப் பயணத்துக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு இடமும் வேண்டும். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார். அவரால் படி இறங்க முடியாது. மேலே நிலையத்தில் உட்கார்ந்திருப்பார், அவரோடு இருக்க ஒருவர் வேண்டும். அவருடைய அப்பாவின் பெயரைக் கீழே நான் படிக்கிறேன். மேலே கேட்கும்படி சத்தமாகவே படிக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு நடந்தவன்