1882ஆம் ஆண்டுப் பொறிப்புடன் விற்கப்பட்ட தங்கப் பாக்கெட் கடிகாரம் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பழம்பொருள் விற்பனை நிறுவனம்,
மும்பை.

பொருள்: போலிப் பொறிப்புள்ள கடிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய 18 காரட் தங்கப் பாக்கெட் கடிகாரம், எகிப்துப் போரில் ராணுவப் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுடன் சென்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவருக்காகவே லண்டனில் செய்யப்பட்டு, 1882 டிசம்பரில் சக அதிகாரிகளால் வழங்கப்பட்டது என்று தங்கள் விற்பனைப் பட்டியலில் அச்சிட்டிருந்தீர்கள். உள்மூடியில் அந்த அதிகாரியின் பெயரும், பெயருக்குப் பின் 'டி.எஸ்.ஓ.' (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்) என்ற பிரிட்டிஷ் ராணுவ விருதுக் குறியும், அதன் கீழே 'டெல்-எல்-கெபிர்' என்ற போர்க்களப் பெயரும், 'சக அதிகாரிகள் வழங்கியது' என்ற வாசகமும், வழங்கிய மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையினர் மதராஸ் சாப்பர்ஸில் பணியாற்றியவர்கள். 1882 செப்டம்பர் 13 அன்று, இரவெல்லாம் பாலைவனத்தில் நடந்து விடியற்காலையில் டெல்-எல்-கெபிர் அரண்களைத் தாக்கி வென்ற பிரிட்டிஷ் ஜெனரல் வூல்ஸ்லியின் படையில் நம் சாப்பர்களும் இருந்தார்கள். அந்தப் போர்க்களத்தின் பெயர் இன்றும் அப்படைப்பிரிவின் போர் விருதுகளில் ஒன்றாக இருக்கிறது. 'தம்பி' என்று ராணுவம் முழுவதும் அழைக்கப்படும் அந்த வீரர்களோடு நின்ற ஓர் அதிகாரியின் சட்டைப்பையில் இருந்த பொருள் என்று நம்பித்தான், தங்கத்தின் எடைக்குரிய விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்தேன். அந்தக் கூடுதல் தொகை முழுவதும் பொறிப்புக்காகக் கொடுத்தது என்பதைத் தாங்களும் மறுக்க மாட்டீர்கள்.

அந்தப் பொறிப்பு உண்மையானது அன்று. பின்மூடியின் உட்புறத்தில் கிரீடம், 18 என்ற எண், லண்டன் பரிசோதனை நிலையத்தின் சிறுத்தைத் தலை ஆகியவற்றுடன் 'பி' (P) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஹால்மார்க் முத்திரையாகத் தெளிவாகப் பதிந்திருக்கிறது. அந்த வடிவிலான 'பி' எழுத்தை லண்டனில் 1890 மே இறுதி முதல் ஓராண்டுக் காலம் பயன்படுத்தினார்கள். 1890-91இல் முத்திரையிடப்பட்ட கடிகாரக் கூட்டை 1882இல் யாரும் யாருக்கும் வழங்கியிருக்க முடியாது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது விருதுக் குறியாகும். டி.எஸ்.ஓ. என்னும் விருதை விக்டோரியா மகாராணி நிறுவிய நாள் 1886 செப்டம்பர் 6. அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முன்பே சக அதிகாரிகள் அதைத் தம் நண்பரின் பெயருக்குப் பின்னால் பொறித்துக் கொடுத்தார்கள் என்பதை ராணுவ வரலாறு சற்றேனும் அறிந்த எவரும் ஏற்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் நெடுங்காலமாகப் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்துவரும் ஒரு பெரியவரிடம் இதைக் காட்டினேன். அவர் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். உள்மூடி முழுவதும் மெல்லிய பழைய கீறல்கள் ஓடுகின்றன. எழுத்துகள் பழையவையாக இருந்தால் அக்கீறல்கள் எழுத்துகளின் மேலேறிச் சென்றிருக்க வேண்டும். இங்கோ ஒவ்வொரு கீறலும் எழுத்தின் விளிம்பில் வந்து நின்று, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்குகிறது. விளிம்புகள் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாக உள்ளன. அதாவது, கீறல் விழுந்து தேய்ந்த மூடியின்மீது அண்மையில்தான் எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள். மேலும், மிஷின் தகட்டில் உள்ள எண்ணும் கூட்டின் எண்ணும் ஒன்றாக இல்லை. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து சேர்க்கப்பட்டவை என்பது அவருடைய கருத்து.

இவற்றை நான் எழுதியபோது, அதிகாரியின் குடும்பத்தினர் பிற்காலத்தில் பொறித்திருக்கலாம் என்றும், பழம்பொருள்களைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை என்றும் இரண்டே வரிகளில் பதில் அனுப்பினீர்கள். குடும்பத்தினர் பொறித்திருந்தால் 'சக அதிகாரிகள் வழங்கியது' என்று ஏன் இருக்கிறது, அப்படி ஓர் ஐயம் தங்களுக்கு முன்பே இருந்திருந்தால் பட்டியலில் அதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. வாங்கியவரின் மனமாற்றத்திற்குப் பொருந்தும் விதியை, விற்றவரின் தவறான விவரிப்புக்குப் பொருத்துவது நியாயமும் அன்று. ஹால்மார்க் எழுத்தை அட்டவணையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்; 'வல்லுநர்களால் சோதிக்கப்பட்டது' என்று அச்சிடும் நிறுவனம் அதைக்கூடச் செய்யாமல் விற்றதை என்னால் சாதாரணப் பிழையாகக் கருத முடியவில்லை.

ஆகவே, கடிகாரத்தைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, விலையையும் அனுப்புகைக் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதைத் தங்களுக்கு விற்றவர் கொடுத்த உரிமை ஆவணங்களின் நகலையும் எனக்கு அனுப்ப வேண்டும். இதே விவரிப்புடன் இன்னொருவருக்கு இது விற்கப்படாது என்று எழுத்தில் உறுதி தருவது எனக்குப் பணத்தைப் போலவே முக்கியம். ஏனெனில் உண்மையிலேயே அப்போரில் பங்கேற்ற ஓர் அதிகாரியின் பெயர் இதில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலின் நகல், பட்டியல் பக்கம், முத்திரை மற்றும் பொறிப்பின் பெரிதாக்கிய புகைப்படங்கள், கடிகாரப் பழுதுபார்ப்பவரின் எழுத்துக் கருத்து ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழங்கும் உரிமையின்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர்வேன். அதுவரை கடிகாரத்தைச் சாவி கொடுக்காமலும் மெருகேற்றாமலும் வந்த நிலையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.