ஏரிகளின் தெளிவை அளந்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் பல்கலைக்கழகம் உங்களோடு சேர்ந்து தொடங்கிய ஏரி நீர்த்தெளிவுக் கணக்கெடுப்பின் முதல் சுற்று நிறைவடைந்துவிட்டது. படகேறி அளந்த தன்னார்வலர்களுக்கும், படகு தந்து உடன் வந்த மீனவர்களுக்கும், அளவுத் தட்டுகளைப் புத்தகங்களைப் போலவே இரவல் கொடுத்துத் திரும்பப் பெற்ற நூலகர்களுக்கும், மாணவர்களை அழைத்து வந்த ஆசிரியர்களுக்கும் ஆய்வுக் குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி கடலில் இறக்கிச் சோதித்த வட்டத் தட்டின் வழிவந்ததே நாம் பயன்படுத்திய கருவி. கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய, 20 செ.மீ. குறுக்களவுள்ள நம் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தென்படும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். வேலை எளியதுதான், ஆனால் ஒவ்வோர் ஏரியிலும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில், வாரந்தவறாமல் அதைச் செய்ய எந்தப் பல்கலைக்கழகத்திலும் போதிய ஆட்கள் இல்லை.

ஒரு பிழையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆழம் குறைந்த ஏரிகளில் தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதை நாங்கள் தந்த படிவம் கணக்கில் கொள்ளவில்லை. எண்ணை நிரப்பும் கட்டம் ஒன்றுதான் அதில் இருந்ததால், பலரும் ஏரியின் ஆழத்தையே எழுத நேர்ந்தது. அதனால் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தெளிந்த ஏரியும், ஒன்றரை மீட்டரிலேயே தட்டு மறைந்துவிடும் கலங்கிய ஏரியும் எங்கள் அட்டவணையில் ஒன்றாகவே தெரிந்தன. படிவத்தை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர், “தரையில் கிடப்பதுதான் தெரிகிறதே, மறைந்ததாக எப்படி எழுதுவது?” என்று எங்கள் மாணவியிடம் கேட்ட ஒரு மீனவர். அதன்பின் தங்கள் குறிப்பேடுகளைப் புரட்டி, எந்தெந்த நாள்களில் தட்டு தரைதட்டியது என்று பொறுமையாகத் திருத்தி அனுப்பிய அனைவருக்கும் நாங்கள் தனியாகக் கடன்பட்டிருக்கிறோம்.

2007இல், விண்மீன் மண்டலங்களைப் பொதுமக்களின் உதவியோடு வடிவத்தின்படி பிரிக்கும் ‘கேலக்ஸி ஸூ’ திட்டத்தில் பங்கேற்ற நெதர்லாந்து ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், ஒரு படத்தில் கண்ட விசித்திரமான திட்டு என்னவென்று கேட்டார். ஒளிரும் வாயு மேகமான அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இடம்பெற்றது. அந்த முறையையே நாங்களும் பின்பற்ற விரும்புகிறோம். கட்டுரையில் தங்கள் பெயர் வர இசைவுள்ளவர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்கவும்.

‘தரையிலும் தெரிகிறது’ என்ற கட்டம் சேர்த்த புதிய படிவம், அடுத்த சுற்றுக்கான தட்டுகளோடு நூலகங்களுக்கு வந்து சேரும்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவுக்காக, ஒருங்கிணைப்பாளர்