கார்த்திகைப் பூவுக்குப் பக்கத்தில் வயதையும் எழுதுங்கள்

போரில் இறந்த விடுதலைப் புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் நிகழ்வுகளை வெளிநாடுகளில் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நானும் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 27 அன்று மண்டபத்துக்கு வந்து, கார்த்திகைப் பூ வைத்து விளக்கேற்றுகிறவள்தான். எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்குகிறது. வெளியில் நின்று கல்லெறிகிற ஆள் நான் இல்லை.

சென்ற வருடம் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைப் பள்ளிச் சீருடை, கழுத்தில் ரை, இரட்டைப் பின்னல், நுனியில் கறுப்பு ரிபன். மேடை ஓரம் வைத்திருந்த அதே பிள்ளையின் படத்தில் பின்னல் இல்லை. முடி ஒட்ட வெட்டியிருந்தது. “பதினைஞ்சு வயசு. ரியூசனுக்குப் போனவள். ஏத்திக்கொண்டு போயிட்டினம்” என்றார். மேடையில் வாசித்ததோ, தாய்மண்ணுக்காகத் தன்னையே தந்தவள் என்று. வயது என்ன என்பதை யாரும் வாசிக்கவில்லை. அவர் படத்தை மறுபடி பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். கூட்டம் முடியும்வரை அந்தப் பையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: பெயரோடு வயதையும் வாசியுங்கள். புலிகள் படைக்குப் பிடித்துக்கொண்டு போன பிள்ளையை, பிடித்துக்கொண்டு போனார்கள் என்றே சொல்லுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாதது அல்ல. 1998 மே மாதம் போரில் சிக்கிய பிள்ளைகளுக்கான ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்கு வந்தபோது, 17 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறை 2002 பெப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாகப் பத்து நாள் கழித்து, 22ஆம் திகதி, எங்கள் நாட்டில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிந்திய சமாதான வருடங்களில் மட்டும் புலிகள் சேர்த்ததாக யுனிசெஃப் பதிவு செய்த பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் அதிகம். பதிவுக்கு வராத வீடுகள் எத்தனையோ. ‘பிள்ளை பிடி’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தது எதிரி இல்லை, எங்கள் தாய்மார்தான். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள், கலியாணம் முடித்தவளை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். பெடியன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஒளித்து வைத்தார்கள்.

மட்டக்களப்பின் கதை இன்னும் கொடியது. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் தன் படையைக் கலைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நடந்தும் பஸ் ஏறியும் வீடு வந்து சேர்ந்தார்கள். சோறு போட்டு முடிப்பதற்குள் புலிகள் மறுபடி தேடி வந்தார்கள். அப்புறம் 2006இல் கருணா குழு, அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே பிள்ளைகளைக் கடத்தியது. அந்த வருடம் வந்து பார்த்த ஐ.நா. ஆலோசகர் அலன் றொக், பாதுகாப்புப் படையினர் சிலர் அதற்கு உடந்தை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரே தாயிடம் இரண்டு பக்கமும் வந்து பிள்ளை கேட்டது.

“தாங்களாகத்தானே போனார்கள்?” என்று கேட்பீர்கள். போனவர்கள் உண்டு, ஷெல் விழுந்து வீடு போன பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் சேர்த்துக்கொண்டவர்கள் வளர்ந்தவர்கள். கொங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தோமஸ் லுபாங்கா 2012இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்காகத்தான். பிள்ளை விரும்பி வந்தது என்பது சாக்கு ஆகாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

“இதைப் பேசினால் அரசுக்கு வாய் கிடைக்கும்” என்றும் சொல்வீர்கள். 2006 ஓகஸ்ட் 14 அன்று செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் அரசு விமானங்களால் குண்டு போட்டு எங்கள் மாணவிகளைக் கொன்றுவிட்டு, அது புலிகளின் பயிற்சி முகாம் என்றார்கள். அவர்கள் மாணவிகள்தான் என்று போய்ப் பார்த்த யுனிசெஃப் சொன்னது. ஆனாலும் அந்தப் பொய்யை உலகத்தில் பாதி நம்பியது. பிள்ளைகளின் கையில் துவக்கு கொடுத்தது உலகத்துக்குத் தெரிந்திருந்ததால்தானே? அரசுக்கு வாய் அன்றைக்கே கிடைத்துவிட்டது. அரசு செய்ததை நான் ஒரு நாளும் மறக்க மாட்டேன். அதற்கு நீதி கேட்டு ஜெனீவாவில் ஐ.நா. முன் நிற்கும்போது எங்கள் கணக்கும் நேராக இருக்கவேண்டும்.

இன்னொன்று. ஒரு மண்டபத்தில் ஆறு வயது மதிக்கத்தக்க பெடியனுக்குப் புலிகளின் வரிச்சீருடை போட்டு, பிளாஸ்டிக் துவக்கைக் கையில் கொடுத்து மேடையேற்றியிருந்தார்கள். சப்பாத்து பெரிதாக இருந்ததால் நடக்கும்போது கழன்று கழன்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை பாட்டுப் பாடட்டும், பூ வைக்கட்டும்.

போர் முடிந்தபின், புலிகளின் படையில் இருந்த 594 சிறுவர் சிறுமியர் புனர்வாழ்வு முடித்து வெளியே வந்தார்கள். இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோருக்கு முப்பது வயதுக்கு மேல். சிலர் உங்கள் நகரத்திலேயே இருக்கலாம், உங்கள் மண்டபத்துக்கு வராமல். ஏன் வருவதில்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடப் பட்டியலுக்குக் குடும்பங்களிடம் வயதும், எப்படிச் சேர்ந்தார் என்பதும் கேட்டு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முடியும். முதலில் அந்த அம்மாவிடம் போகலாம்.

இப்படிக்கு,
உங்களோடு விளக்கேற்றும் ஒருத்தி