டிஸா நதிக்கரை சைக்கிள் பயணம்: முன்வைப்புத் தொகையில் பிடித்த 710 யூரோ குறித்த புகார்

அனுப்புநர்: ஜூன் 6 முதல் 12 வரை ஹங்கேரி குழுப் பயணத்தில் கலந்துகொண்ட 12 பேர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சைக்கிள் சேதம் என்று பிடித்த தொகையைத் திருப்பித் தரக் கோருவது

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டெப்ரெட்செனில் தொடங்கி ஹோர்டோபாஜ், டிஸாஃப்யூரெட், சொல்னோக், சோங்க்ராட் வழியாக செகெட் வரை சென்ற உங்கள் பயணத்துக்கு ஆளுக்கு 200 யூரோ முன்வைப்பு கட்டியிருந்தோம். அதில் ஒரு டீரெய்லியர் (கியர் மாற்ற செயினை நகர்த்தும் பாகம்) உடைந்ததற்கு 140, ஒன்பது செயின்களுக்கு 270, பன்னிரண்டு சைக்கிள்களைக் கழுவ 300, ஆக 710 யூரோ பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறீர்கள். காரணம் 'வாடிக்கையாளர் கவனக்குறைவு' என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை.

பயணத்தில் மழை பெய்ததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மழை வரும் என்பது தெரிந்த விஷயம். ஹங்கேரியில் மே, ஜூன் மாதங்களில்தான் மழை அதிகம். ஜூன் 8 அங்கே புனித மெடார்டு நாள். அன்று பெய்தால் நாற்பது நாள் விடாது என்பது அந்த ஊர் மக்களின் பழைய நம்பிக்கை. அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து, 'மேடு பள்ளம் இல்லாத சமவெளி, யாரும் ஓட்டலாம்' என்று விளம்பரம் செய்தது நீங்கள். சமவெளி என்பது உண்மைதான். அந்தச் சமவெளியின் மண் ஈரத்தில் என்ன செய்யும் என்பதைத்தான் உங்கள் பயணத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

ஹோர்டோபாஜைச் சுற்றியுள்ளது உவர்க் களிமண். அதிலுள்ள சோடியத்தால் ஈரம் பட்டதும் உப்பிக் குழைந்து பசையாகிவிடும். டிஸா ஏரியைச் சுற்றிய கரைப்பாதை தார் போட்டது. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை. அந்த ஏரியின் தென்முனையிலுள்ள கிஷ்கோரே அணைக்குத் தெற்கே நீங்கள் வகுத்த வழியில் பல இடங்களில் வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் வெறும் மண்ணும் புல்லும்தான். கரையில் வெட்டிப்போட்ட புல் அந்தக் களியோடு கலந்தால், சுவர் வைக்கக் குழைக்கும் வைக்கோல் சேறு மாதிரி இறுகிவிடும். அந்தச் சமவெளியின் பழைய வீடுகளைக் கட்டிய பச்சைச் செங்கல்லும் இதே கலவைதான்.

நீங்கள் கொடுத்த சைக்கிள்களில் டயர் அகலம் 37 மி.மீ., முழு மட்கார்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளிகூட இல்லை. சேறு முதலில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேற்பகுதியிலும் பிரேக் கைகளுக்கு அடியிலும் திரளும். பிறகு மட்கார்டின் உள்பக்கம் முழுக்க அப்பும். இருநூறு மீட்டருக்குள் சக்கரம் சுற்றாது. அதன் பிறகு சைக்கிளை உருட்டவும் முடியாது, தூக்கித்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட பாதைக்கு மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது குறைந்தது 15 மி.மீ. இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். இரண்டையும் விட எளிய வழி, மழை நாளில் கரையை விட்டு இறங்கி, நான்கு இலக்க எண் கொண்ட கிராமத் தார்ச்சாலைகளில் போவது. வழிகாட்டியிடம் அப்படி ஒரு மாற்று வழி இல்லை. எல்லோருடைய கருவியிலும் ஏற்றிக் கொடுத்தது ஒரே ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது ஒரே ஒரு பாதையின் வரைபடம்.

டீரெய்லியர் உடைந்த கதையும் இதுதான். களியும் புல்லும் அதன் சின்னப் பற்சக்கரங்களில் சிக்கி செயினை இறுக்கின. பெடலை மிதித்ததும் செயின் டீரெய்லியரை மேலே இழுத்தது. ஹேங்கர் முறிந்து, டீரெய்லியர் ஸ்போக்குக்குள் போனது. ஹேங்கர் என்பது டீரெய்லியரைச் சைக்கிளின் சட்டகத்தில் (ஃபிரேம்) மாட்டும், சட்டகத்தைக் காப்பாற்றத் தானே உடையும்படி செய்த அலுமினியத் துண்டு. விலையும் சொற்பம். ஆனால் சட்டகத்துக்குச் சட்டகம் அதன் வடிவம் மாறும் என்பதால், வாடகைக்கு விடுகிறவர் அந்த மாடலுக்கு உரியதை வண்டியில் வைத்திருக்க வேண்டும். உங்கள் துணை வேனில் ஒன்றுகூட இல்லை. செயினைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டவாவது செயின் கழற்றும் கருவி வேண்டும்; அதுவும் இல்லை.

செயின் விஷயத்தில் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது. சைக்கிள்களை வாங்கிய அன்று, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டுவதற்கு முன், தேய்மான அளவுகோலை வைத்துப் படம் எடுத்தோம். நான்கு செயின்களில், 0.75 சதவீதம் நீண்டுவிட்டதைக் காட்டும் முனை தடையில்லாமல் உள்ளே இறங்குகிறது. அதாவது அவை மாற்ற வேண்டிய நிலையில்தான் எங்கள் கைக்கு வந்தன. மற்ற ஐந்தின் தேய்மானத்துக்கும் காரணம் உங்கள் எண்ணெய். வேனில் இருந்தது மெழுகு கலந்த உலர் எண்ணெய், 60 மி.லி. குப்பி ஒன்று. அது தூசிக்கு நல்லது. மழையில் சீக்கிரமே கழுவிப் போய்விடும். ஈரத்துக்கு உரிய கெட்டி எண்ணெய்தான் தேவை. மாலையில் செயினைத் துடைத்து உலர்த்தி, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிஞ்சியதைத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். 12 செயினுக்கு ஒரே மாலையில் அந்தக் குப்பி காலியாகிவிடும்.

பணம் தொடர்பில்லாவிட்டாலும் பிரேக் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சக்கர விளிம்பைக் கட்டையால் அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் சைக்கிளில் வண்டல் கலந்த நீர் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஏற்கெனவே தேய்ந்த பிரேக் கட்டை அதில் இரண்டு நாள் தாங்குவதே கடினம். முதல் நாள் படத்திலேயே ஆறு சைக்கிள்களின் கட்டைகளில் வரிப்பள்ளம் மறைந்துவிட்டது தெரிகிறது. மாற்றுக் கட்டை கேட்டதற்கு 'செகெட்டில் பார்க்கலாம்' என்பதுதான் பதில். 5 மி.மீ. ஆலன் சாவியும் ஒரு சைக்கிளுக்குப் பத்து நிமிடமும் இருந்தால் முடிகிற வேலை அது.

இதைவிடக் கவலை தந்தது இடி மழையில் கரைமேல் ஓட்டச் சொன்னது. சுற்றிலும் மரம் இல்லாத வெளி, சில மீட்டர் உயரக் கரை, அதன்மேல் ஆள்: மின்னலுக்கு அதைவிட நல்ல இலக்கு இல்லை. ஹங்கேரி வானிலை நிறுவனம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. அதைக் காலையில் பார்த்து, ஒதுங்குவதற்குக் கரைக்காவலர் வீடுகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவைப்பது வழிகாட்டியின் வேலை. 'ரயிலில் போங்கள்' என்று கடைசி நேரத்தில் சொன்னதும் தீர்வல்ல. அங்கே சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், இன்டர்சிட்டி ரயிலில் இடமும் பதிவு செய்ய வேண்டும். 12 சைக்கிள்களுக்கு நின்ற நிலையில் இடம் கிடைக்காது.

'நீர் புகாப் பை' என்று நீங்கள் தந்தது துணிப்பைக்கு மேலுறை. சக்கரத்தைப் பார்த்த பக்கம் உறை இல்லாததால், டயர் வாரியடிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போகிறது. வாயை மூன்று மடிப்பு மடித்துப் பூட்டும், தையல் இல்லாத பைதான் மழைக்கு ஆகும்.

எங்கள் கோரிக்கை: 710 யூரோவை முழுமையாக, 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கழுவும் கட்டணம் உங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுகிறோம். அடுத்த குழு கிளம்பும் முன் கிஷ்கோரே முதல் சொல்னோக் வரையிலான பகுதிக்குத் தார்ச்சாலை மாற்று வழியை எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்தில் மனு செய்வோம்.

இணைப்பு: முதல் நாள் எடுத்த 26 படங்கள், ஒப்பந்த நகல், பிடித்தம் குறித்த உங்கள் மின்னஞ்சல்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர் 12 பேர்